ஒன்றரை டன் என்பது எதன் எடை?

போன மே மாதம், கத்திரி தொடங்கிய வாரத்தில், எங்கள் சென்னை வீட்டுக்கு ஏசி வந்தது. அதுவரை "எதுக்கு அதெல்லாம், சன்னலத் திறந்து வை" என்று சொல்லிக்கொண்டிருந்த அம்மாவே ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, முந்தானையால் விசிறிக்கொண்டு, "சரி, வாங்கித் தொலை" என்றார். மாட்ட வந்த பையன் சுவரில் துளை போடும் முன்பு அட்டைப்பெட்டியைத் தட்டி, "ஒன்றரை டன்தானே சார்?" என்று கேட்டுக்கொண்டான். அம்மா பதறிவிட்டார்.

"ஒன்றரை டன்னா? தாங்குமாப்பா? இது நாலரை இஞ்ச் சுவரு."

பையன் சிரித்தான். "அது வெயிட் இல்லம்மா, கூலிங்கு."

"கூலிங்க எதுக்கு டன்னுல அளக்குறாங்க?"

அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். நான் பி.எஸ்சி. இயற்பியல் படித்தவன், அம்மாவுக்கு அது நன்றாகத் தெரியும், அதனால் அடுத்து அவரும் என்னைப் பார்த்தார். "அது ஐஸ் கணக்கும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு டீ போடுகிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டேன். படித்த காலத்தில் ஒரு வரியாக மனப்பாடம் செய்தது. ஒழுங்காகச் சொல்ல வேண்டுமென்றால் யோசிக்க வேண்டியிருந்தது. அன்று அம்மாவிடம் அரைகுறையாகச் சொன்னதைத்தான் இங்கே முழுதாக எழுதிப் பார்க்கிறேன்.

ஒரு டன் ஐஸ், 0 டிகிரியில், உருகத் தயாராக உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 24 மணி நேரத்தில் முழுதாக உருகித் தண்ணீராக எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அவ்வளவு வெப்பத்தை ஒரு நாளில் அறையிலிருந்து வெளியே தள்ளுகிற இயந்திரம் ஒரு டன் ஏசி. டன் என்றால் நம் ஆயிரம் கிலோ இல்லை, 2000 பவுண்டு கொண்ட அமெரிக்க டன், அதாவது 907 கிலோ. இன்றைய கணக்கில் மாற்றினால் மூன்றரை கிலோவாட். ஆக, ஒன்றரை டன் ஏசி நிற்காமல் ஓடினால், ஒரு நாளைக்கு 1360 கிலோ ஐஸைத் தாம்பாளத்தில் வைத்து அறையில் உருக விட்டதற்குச் சமம். ராத்திரி எட்டு மணி நேரத்துக்கு மட்டும் பார்த்தால் 450 கிலோ. எனக்கு கிலோவில் சொன்னால் மனதில் நிற்காது, பாரில் சொன்னால்தான் நிற்கும்: ஒன்பது பார்.

பார் என்றால் 50 கிலோ ஐஸ் கட்டி, எங்கள் ஊர் வழக்கம். நான் வளர்ந்தது நாகப்பட்டினம் பக்கம். சித்தப்பா அங்கே ஓர் ஐஸ் கம்பெனியில் ஆபரேட்டராக இருந்தார். படகுகளுக்கு மீன் பதப்படுத்த ஐஸ் அடித்துக் கொடுக்கிற கம்பெனி. பள்ளிக்கூடம் விட்டதும் அவருக்குச் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. உள்ளே நுழையும்போதே அமோனியா நெடி மூக்கில் ஏறி கண் கரிக்கும். பெரிய சிமெண்டுத் தொட்டி நிறைய உப்புத் தண்ணீர், சைபருக்குக் கீழே பத்து டிகிரி வரைக்கும் போயிருக்கும், ஆனால் உப்பு இருப்பதால் உறையாது. அதற்குள் வரிசையாகத் தகர டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் 50 லிட்டர் நல்ல தண்ணீர். மேலே மரப்பலகை மூடி. அந்தப் பலகைகளின் மேல் வெறுங்காலோடு நடந்தால் உள்ளங்காலில் ஏறுகிற குளிர் முழங்கால் வரை வரும், அதற்காகவே நடப்பேன்.

இன்றைக்கு ஊற்றினால் நாளைக்குத்தான் பார் கிடைக்கும். டப்பாவின் ஓரத்திலிருந்துதான் உறையத் தொடங்கும், உள்ளே போகப் போக வேகம் குறைந்துகொண்டே வரும். உறைந்த ஐஸே ஒரு கம்பளி மாதிரி, நடுவில் இருக்கும் தண்ணீரின் வெப்பத்தை வெளியே விடாது. கனம் இரண்டு மடங்கானால் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். பாரின் ஓரமெல்லாம் கண்ணாடியாக இருக்கும், நடுவில் மட்டும் பால் மாதிரி வெள்ளை. உறைகிற ஐஸ் தனக்குள் எதையும் சேர்த்துக்கொள்ளாது. தண்ணீரில் கரைந்திருந்த காற்றும் உப்பும் நடுவுக்குத் தள்ளப்பட்டு, கடைசியில் போக இடமில்லாமல் அங்கேயே மாட்டிக்கொள்ளும். அந்த வெள்ளைதான் ருசி என்று நாங்கள் சண்டை போட்டுத் தின்றோம். இப்போது நினைத்தால், ஊர்த் தண்ணீரின் அழுக்கு மொத்தமும் எங்கே சேருமோ அதைத் தேடித் தின்றிருக்கிறோம்.

உறைந்த டப்பாவைச் சங்கிலி போட்டுத் தூக்கி அப்படியே கவிழ்த்தால் பார் வராது. தகரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு சாதாரணத் தண்ணீர்த் தொட்டி உண்டு, அதில் டப்பாவை ஒரு முக்கு முக்கி எடுப்பார்கள். ஓரத்தில் ஒரு மயிரிழை அளவு உருகும், அவ்வளவுதான், சர்ரென்று வழுக்கிக்கொண்டு 50 கிலோவும் தரையில் ஓடும். எனக்கு அந்தக் கம்பெனியிலேயே பிடித்த காட்சி அது.

சித்தப்பா பத்தாவது தாண்டாதவர். ஒரு நாள் கரண்ட் பில்லைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தண்ணி ஜில்லுன்னு ஆவுறதுக்கு ஒண்ணும் பெருசா செலவு இல்லடா. அது கட்டியாவுறதுக்குத்தான் மோட்டார் மூச்சுமுட்டுது." நான் அப்போது ஒன்பதாவதோ என்னவோ. வகுப்பில் 80 என்றும் 540 என்றும் இரண்டு எண்களைப் படித்திருந்தேன், அவர் சொன்னது அதில் முதல் எண் என்று தோன்றவேயில்லை. ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி இறக்க ஒரு கலோரி வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் 30 டிகிரி என்றால் சைபருக்குக் கொண்டுவர 30 கலோரி. அங்கே நின்று, ஒரு டிகிரிகூடக் குறையாமல், 0 டிகிரித் தண்ணீர் 0 டிகிரி ஐஸாக மாறுவதற்கு மட்டும் 80 கலோரி. அவர் மோட்டார் சத்தத்தில் கண்டதை நான் கேள்வித்தாளுக்காகப் படித்துக்கொண்டிருந்தேன்.

பாடப்புத்தகத்தில் இதற்கு 'உள்ளுறை வெப்பம்' என்று பெயர். இலங்கைப் பாடநூல்களில் 'மறை வெப்பம்' என்பார்கள். மறை வெப்பம் சட்டென்று புரிகிற சொல், ஆனால் என் ஓட்டு உள்ளுறைக்குத்தான். எங்களுக்குக் காலையில் முதல் பீரியட் தமிழ், ஐயா சங்கப் பாட்டில் உள்ளுறை உவமம் நடத்துவார்: எருமை குளத்தில் இறங்கித் தாமரையை மிதித்தது என்று பாட்டு சொல்லும், தலைவனைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது, ஆனால் தலைவிக்கு உறைக்க வேண்டியது உறைக்கும். அடுத்த பீரியட் இயற்பியல். அங்கேயும் உள்ளுறை. வெப்பமானி வாயைத் திறக்காது, ஆனால் உள்ளே வெப்பம் போய்க்கொண்டே இருக்கும். யாரோ ஒரு நல்ல தமிழ் தெரிந்தவர்தான் அந்தச் சொல்லை அங்கே கொண்டுவந்து வைத்திருக்க வேண்டும்.

அம்மாவுக்குக் காட்டுவதற்காக வீட்டிலேயே செய்து பார்த்தேன். மசாலாக் கடாயில் எண்ணெய்ச் சூடு பார்க்க வாங்கிய ஒரு வெப்பமானி இருந்தது, ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைப்பது. ஒரு டம்ளரில் பொடித்த ஐஸ், கொஞ்சம் தண்ணீர், அதற்குள் கம்பியைச் செருகி, மேசை மேல் வைத்துவிட்டோம். அறையின் சூடு 33. டம்ளருக்குள் கலக்கக் கலக்க சைபர் காட்டியது. பத்து நிமிடம் கழித்து சைபர். அம்மா வெண்டைக்காய் நறுக்கி முடித்தார், சைபர். பாதி ஐஸ் போயிருந்தது, அப்போதும் அதே. "கெட்டுப்போச்சா இது?" என்று அம்மா கம்பியை எடுத்துக் கையில் பிடித்தார், 34, 35 என்று ஏறியது, திரும்ப டம்ளரில் போட்டால் இறங்கிப் பழைய இடத்துக்கே வந்து நின்றது. கடைசிச் சில்லு கரைந்த பிறகுதான் 1, 2, 3 என்று கிடுகிடுவென்று ஏறத் தொடங்கியது. அறை வெப்பம் டம்ளருக்குள் போனது அப்போதுதான் என்றில்லை, முதல் நொடியிலிருந்தே போய்க்கொண்டிருந்தது. ஆனால் அது மூலக்கூறுகளை வேகப்படுத்தப் போகவில்லை. ஐஸில் ஒவ்வொரு நீர் மூலக்கூறும் சுற்றியுள்ள நான்கு பேரோடு கைகோத்து ஒரு கட்டுக்கோப்பில் நிற்கிறது; அந்தப் பிடியைத் தளர்த்துவதற்கே வந்த வெப்பம் எல்லாம் செலவாகிவிடுகிறது.

இதை முதலில் அளந்து சொன்னவர் ஜோசப் பிளாக், ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். அவர் செய்த சோதனைக்கும் நான் அடுப்படியில் செய்ததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, பொறுமையைத் தவிர. 1760களின் தொடக்கம். ஒரே மாதிரி இரண்டு கண்ணாடிக் குடுவை: ஒன்றில் உறையும் தறுவாயில் இருக்கும் தண்ணீர், இன்னொன்றில் அதே எடைக்கு ஐஸ். காற்றோட்டம் அதிகமில்லாத பெரிய கூடத்தில் இரண்டையும் வைத்துவிட்டுக் காத்திருந்தார். தண்ணீர் அரை மணி நேரத்தில் 33-லிருந்து 40 ஃபாரன்ஹீட்டுக்கு வந்துவிட்டது. ஐஸ் உருகி அதே 40-க்கு வரப் பத்தரை மணி நேரம் ஆனது. அதாவது 21 அரைமணி. ஒவ்வோர் அரைமணிக்கும் 7 டிகிரிக்கான வெப்பம் உள்ளே போகிறது என்றால் மொத்தம் 147 டிகிரிக்கான வெப்பம். ஐஸ் உருகுவது 32 ஃபாரன்ஹீட்டில், ஆக வெப்பமானியில் தெரிந்தது வெறும் 8. மீதி 139 எங்கே? இன்றைய அளவில் விடை 144. இரண்டு குடுவையும் ஒரு கடிகாரமும் வைத்துக்கொண்டு 139-க்கு வந்திருக்கிறார், எனக்கு இது வயிற்றெரிச்சல்.

அவருக்கு முன்னால் எல்லாரும் நினைத்தது வேறு. ஐஸை உருகுநிலைக்குக் கொண்டுவந்துவிட்டால், அதற்கு மேல் ஒரு சொட்டு வெப்பம் கொடுத்தாலே முழுதும் தண்ணீராகிவிடும் என்று. அப்படியென்றால் வசந்தத்தில் ஒரு வெயில் நாளிலேயே மலைப்பனி எல்லாம் ஒரே நேரத்தில் உருகி ஊரை அடித்துக்கொண்டு போயிருக்குமே என்று பிளாக் கேட்டார். பனியைப் பார்த்து வளர்ந்தவன் கேட்கிற கேள்வி. கண்டுபிடித்ததைப் புத்தகமாகப் போடவும் இல்லை, வகுப்பில் சொல்லிக்கொண்டே இருந்தார்; 1799-இல் இறந்து நான்கு வருடம் கழித்துத்தான் அவருடைய பாடங்கள் அச்சில் வந்தன.

சரி, இதில் மெட்ராஸ் எங்கே வருகிறது? திருவல்லிக்கேணி பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியும். ஐஸ் ஹவுஸ். கடற்கரைச் சாலையில், வட்டமான முகப்போடு நிற்கிற பழைய கட்டடம், இப்போது பெயர் விவேகானந்தர் இல்லம். 1897-இல் விவேகானந்தர் வெளிநாட்டிலிருந்து திரும்பிவந்தபோது ஒன்பது நாள் தங்கிய இடம். அதற்கு முன்னால் அது கிடங்கு. 1842-இல் கட்டியது. உள்ளே வைத்திருந்தது ஐஸ், அதுவும் அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்துக் குளங்களில் குளிர்காலத்தில் வெட்டி எடுத்த ஐஸ். பெரியவர்கள் யாராவது இதைச் சொன்னால் முன்பெல்லாம் நான் நம்பியதில்லை, கப்பலில் நாலு மாசம் ஐஸ் எப்படி வரும் என்று.

வந்தது. ஃபிரெடரிக் டியூடர் என்று ஒரு பாஸ்டன் வியாபாரி. 1806-இல் இருபத்திரண்டு வயதில் கரீபியனில் இருக்கும் மார்ட்டினிக் தீவுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டு போனார், ஊரே சிரித்தது, கையைச் சுட்டுக்கொண்டார். ஐஸ் விற்றுக் கையைச் சுட்டுக்கொண்ட முதல் ஆள் அவராகத்தான் இருப்பார். கடனுக்காகச் சிறைக்கும் போனார். விடவில்லை. குதிரை பூட்டிய கலப்பை மாதிரி ஒரு கருவியால் குளத்துப் பனியை ஒரே அளவுச் சதுரங்களாக அறுக்கும் முறையை நத்தானியேல் வைத் என்பவர் அவருக்குச் செய்து கொடுத்தார். ஒரே அளவில் இருந்தால்தான் இடுக்கில்லாமல் அடுக்கலாம். சுற்றி மரத்தூள். மர அறுவை ஆலைகளில் குப்பையாகக் கிடந்தது. சித்தப்பா கம்பெனியில் அதே வேலைக்கு உமி போடுவார்கள்.

1833 மே மாதம் டஸ்கனி என்ற கப்பல் 180 டன் ஐஸோடு பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குக் கிளம்பியது. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, பூமத்திய ரேகையை இரண்டு தரம் தாண்டி, செப்டம்பரில் போய்ச் சேர்ந்தபோது ஏறத்தாழ 100 டன் மிச்சம் இருந்தது.

இங்கேதான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன், இந்தக் கட்டுரையை எழுதவைத்ததே அந்தக் கணக்குத்தான். உருகியது 80 டன். ஒரு டன் உருக 334 மெகாஜூல். மொத்தத்தை நான்கு மாதத்தின் நொடிகளால் வகுத்தால் கப்பலுக்குள் கசிந்த வெப்பம் சராசரியாக 2.6 கிலோவாட் வருகிறது. ஒரு டன் ஏசியின் சக்தி 3.5 என்று மேலே சொன்னேனே. அப்படியென்றால் வெப்பமண்டலத்தை இரண்டு தரம் கடந்த அந்தக் கப்பலின் ஐஸ் அறைக்குள் நான்கு மாதமும் புகுந்த மொத்த வெப்பத்தை வெளியேற்ற, என் படுக்கையறையில் மாட்டியதைவிடச் சின்ன ஏசி ஒன்று போதும். மரத்தூளும் நெருக்கமான அடுக்கும் செய்த வேலை அது. என் வீட்டு மொட்டைமாடிக்குக் கீழே இருக்கிற அறையைவிட டியூடரின் கப்பல் ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கிறது.

கணக்கின் இன்னொரு பாதி இன்னும் சுவாரசியம். உருகுவதற்கென்று தனியாக வெப்பமே தேவைப்படாது என்று வைத்துக்கொள்ளுங்கள், பிளாக்குக்கு முந்தையவர்கள் நினைத்த மாதிரி. அதே அளவு வெப்பம் அந்த 180 டன்னையும் முழுதாகத் தண்ணீராக்கி, 35 டிகிரிக்குச் சூடேற்றியிருக்கும். பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்கு வெதுவெதுப்பான குளத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து இறக்கியிருப்பார்கள். 80 டன்னைப் பலி கொடுத்துத்தான் மீதி 100 டன் சைபரிலேயே நின்றது.

மெட்ராஸில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும், எந்தச் சரக்கானாலும் மசூலாப் படகில் ஏற்றி அலை தாண்டிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். கப்பலிலிருந்து கிடங்கு வரைக்குமான அந்தக் கடைசி ஒரு மைல் வெயிலை நினைத்தாலே எனக்குப் பதைக்கிறது. அப்புறம் இயந்திர ஐஸ் வந்தது, இந்த வியாபாரம் படுத்தது. ஆனால் ஐஸ் விற்றவர்களும் ஐஸ் வாங்கியவர்களும் இயந்திரத்தைக் கண்டபோது கேட்ட முதல் கேள்வி, "இது எத்தனை டன் ஐஸுக்குச் சமம்?" என்பதுதான். அந்தக் கேள்விதான் அட்டைப்பெட்டி மேல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குதிரைசக்தி மாதிரி.

80-க்கு அண்ணன் 540. இதை நான் தோலில் கற்றுக்கொண்டேன். கல்லூரி விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தபோது இட்லிப் பானை மூடியை என் பக்கமாகச் சாய்த்துத் திறந்தேன். ஆவி அடித்துவிட்டது. கொதிக்கிற தண்ணீர் கையில் தெறித்தது எனக்குப் புதிதில்லை, உதறிவிட்டுப் போயிருக்கிறேன். இது அப்படியில்லை, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் பொங்கிவிட்டது. ஒரு கிராம் கொதிநீர் உடம்புச் சூட்டுக்கு இறங்கினால் 63 கலோரி கொடுக்கும். ஒரு கிராம் நீராவி தோலில் பட்டுத் தண்ணீராகும்போதே 540 கொடுத்துவிட்டு, அப்புறம் அந்த 63-ஐயும் கொடுக்கும். கிட்டத்தட்ட பத்து மடங்கு, இரண்டும் 100 டிகிரிதான். இட்லி பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வேகிறதற்கும் இதுதான் காரணம். மாவின் மேல் ஆவி படிந்து தண்ணீராகும் ஒவ்வொரு தடவையும் அந்த 540-ஐ உள்ளே இறக்குகிறது. கிளாஸ்கோவில் கருவிகள் பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் வாட், கொஞ்சூண்டு ஆவி இவ்வளவு தண்ணீரைக் கொதிக்க வைக்கிறதே என்று குழம்பி பிளாக்கிடம் போய்க் கேட்டு, இதே விளக்கத்தைத்தான் வாங்கிவந்தார். மீதிக் கதை எல்லாருக்கும் தெரியும்.

அடுப்பு விஷயத்தில் ஒன்று சொல்லலாம். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஒரு பங்கு கேஸ் செலவானால், அதை முழுதும் ஆவியாக்க ஏழரைப் பங்குக்கு மேல் வேண்டும். (ஏழரை என்றதும் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.) கொதி வந்த பிறகு தீயைக் கூட்டினால் பருப்பு சீக்கிரம் வேகாது, தண்ணீர் 100-ஐத் தாண்டப் போவதில்லை, ஆவிதான் கூடும். அம்மா இதைக் கேட்டுவிட்டு, "நாப்பது வருசமா நான் சிம்முல வைக்கிறேன், நீ இப்பதான் கண்டுபிடிச்சியா" என்றார். அதோடு விட்டாரா, இல்லை. "அப்ப பாகு ஏன் நிக்க மாட்டேங்குது?"

நல்ல கேள்வி. வெல்லப் பாகில் வெப்பமானியைப் போட்டுப் பார்த்தோம். கம்பிப் பதத்தில் 105-ஐ ஒட்டி, தண்ணீரில் போட்டு எடுத்தால் டங்கென்று சத்தம் வருகிற பதத்தில் 120-ஐத் தாண்டி. நிற்கவேயில்லை. தண்ணீர் ஆவியாகிப் போகப் போக மிச்சமிருக்கும் பாகில் இனிப்பு அடர்ந்துகொண்டே வருகிறது, அடர அடரக் கொதிநிலையும் ஏறுகிறது. ஆக ஒவ்வொரு பதமும் ஒரு வெப்பநிலை, விரலால் அளப்பது. சுத்தமான பொருள்தான் ஒரே இடத்தில் அடம்பிடித்து நிற்கும். மார்கழியில் பாட்டிலில் உறைகிற தேங்காய் எண்ணெயும் அப்படித்தான்: 24 டிகிரி சுற்றுவட்டாரத்தில் பல கொழுப்புகள் ஆளுக்கொரு நேரத்தில் கெட்டியாகும், அதனால் ஒரு நாள் முழுக்கப் பாதி கூழாகவே நிற்கும்.

இனி சென்னைப் புழுக்கத்துக்கு வருகிறேன். தண்ணீர் ஆவியாகக் கொதிக்க வேண்டியதில்லை, 30 டிகிரியிலும் ஆகும், அப்போது கிராமுக்கு 580 கலோரி கேட்கும். பத்து லிட்டர் மண்பானையின் உடம்பு வழியாக 200 மில்லி கசிந்து ஆவியானால், வெளியிலிருந்து சூடு ஏறாத பட்சத்தில், உள்ளே இருக்கிற மிச்சத் தண்ணீர் பதினொன்று பன்னிரண்டு டிகிரி இறங்கிவிடும். திருச்சி வெயிலில் பானைத் தண்ணீர் பல் கூசுவதும் சென்னையில் அதே பானை சோம்பலாக இருப்பதும் இதனால்தான். இங்கே காற்றில் ஏற்கெனவே இடமில்லை. மே மாத ராத்திரி, 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் 24 கிராம் நீராவி. பானையும் கசியாது, வேர்வையும் காயாது. கடலோரத்தில் ஏர்கூலர் வாங்குகிறவர்களைப் பார்த்தால் கையைப் பிடித்துத் தடுக்கத் தோன்றும். அது ஈரத்தை இன்னும் கொஞ்சம் அறைக்குள் விடும், அவ்வளவுதான்.

அந்த 24 கிராமும் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் வங்கக் கடல். பகல் வெயில் கடலுக்குக் கொடுத்த வெப்பம் கிராமுக்கு 580 கலோரி என்று கணக்காக நீராவிக்குள் உள்ளுறைந்து வருகிறது. அது எங்கே தண்ணீராகிறதோ அங்கே இறக்கிவைத்துவிட்டுப் போகும். மேகத்துக்குள் இறக்கினால் காற்று சூடாகி மேலே கிளம்பும், கீழிருந்து இன்னும் ஈரக்காற்றை இழுக்கும். கடல் போதிய அளவு சூடாக இருந்தால் இது நிற்காமல் சுழலத் தொடங்கும். புயலின் எரிபொருள் இதுதான், வேறு எதுவும் இல்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது சித்தப்பா கம்பெனியின் கூரை பறந்தது. கரண்ட் வர வாரக்கணக்கானது. ஆனால் புயல் எச்சரிக்கையால் அதற்கு முன்பே படகுகள் கடலுக்குப் போகாததால் விற்காத பார்கள் கிடங்கில் உமிக்குள் கிடந்தன. சித்தப்பா அதை உடைத்து உடைத்துத் தெருவுக்குக் கொடுத்தார், யாரோ பாலுக்கு வாங்கிப்போனார்கள், இரண்டு வீட்டில் இன்சுலினுக்கு. கூரையைப் பிய்த்ததும் உள்ளுறை வெப்பம்தான், ஆறு நாள் இன்சுலினைக் காத்ததும் அதுதான். அன்றைக்கு இப்படியெல்லாம் தோன்றவில்லை, சித்தப்பாவின் வேட்டி முழங்காலுக்கு மேல் நனைந்திருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஏசிக்குத் திரும்புகிறேன். மாட்டிய பையன் வெளிச்சுவரில் ஒரு பிளாஸ்டிக் குழாயைத் தொங்கவிட்டுப் போனான், அதன் வாயில் அம்மா ஒரு பக்கெட்டை வைத்தார். முதல் நாள் காலையில் போய்ப் பார்த்தால் பத்து லிட்டர் பக்கெட் விளிம்பு வரை தண்ணீர். "பைப்பு எங்கயோ ஒழுகுது, அவனைக் கூப்பிடு" என்றார். ஒழுகவில்லை. அறைக் காற்றில் இருந்த கடல்தான் குளிர்ந்த சுருளில் பட்டுச் சொட்டியிருக்கிறது. பத்து லிட்டர் நீராவி தண்ணீரானால் 58 லட்சம் கலோரி, அதையும் அந்தப் பெட்டிதான் வெளியே தள்ள வேண்டும். ஐஸில் சொன்னால் 73 கிலோ. ஒரு ராத்திரிக்கு அதிகபட்சம் ஒன்பது பார் என்றேனே, அதில் ஒன்றரைப் பார், அறையை ஒரு டிகிரிகூடக் குளிர வைக்காமல், வெறுமனே காற்றைக் காயவைப்பதற்கே போயிருக்கிறது. அந்த ஒன்றரை இல்லாவிட்டால் மிச்ச ஏழரையால் பிரயோசனம் குறைவு, 26 டிகிரியில் பிசுபிசுவென்று படுத்திருப்போம்.

அம்மாவுக்கு இதில் எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் தைரியமில்லை. ஆனால் இப்போது காலையில் எழுந்ததும் பல் விளக்கும் முன்பே பக்கெட்டைத்தான் போய்ப் பார்க்கிறார். மல்லிச் செடிக்கு ஊற்றுவதற்கு முன்னால் உள்ளே எட்டிப் பார்த்து ஒரு குரல் கொடுப்பார்.

"இன்னிக்கு ஒரு பாருதான்டா. நேத்து ராத்திரி காத்து கொஞ்சம் மாறிடுச்சு போல."